குரோஷே பின்னி விற்கப் போகிறீர்களா? திருகோணமலையில் எங்கே தொடங்குவது, என்னென்ன கடதாசி வேண்டும்

உப்புவெளியில் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு கொக்கி ஊசியால் குரோஷே பின்னி விற்கிறேன். பின்னப் பழக நாலு மாதம் எடுத்தது. ஒரு பெயரைப் பதிந்து, அந்தப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க ஏழு மாதம் எடுத்தது. வேலை கஷ்டம் என்று இல்லை. எதை முதலில் செய்வது, எதைக் கையோடு கொண்டுபோவது என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். போன மாதம் நிலாவெளிப் பக்கம் இருந்து இரண்டு பிள்ளைகள் இதே கேள்விகளோடு வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். விலைகள் நான் கடைசியாக வாங்கியபோது இருந்தவை. இப்போது ஏறியிருக்கும், இறங்கியிருக்காது.

1. ஊசி: பெட்டி வேண்டாம், மூன்று போதும்

பன்னிரண்டு, பதினாலு ஊசிகள் அடங்கிய வண்ணப் பெட்டியைப் பார்த்ததும் கை நீளும். நானும் வாங்கினேன். அதில் ஒன்பது ஊசியை இன்றுவரை தொடவில்லை. 2.5, 3.5, 5 மில்லிமீற்றர் ஆகிய மூன்றும் தொடங்கப் போதும். பொம்மைக்கு 2.5, பைக்கும் குழந்தைத் தொப்பிக்கும் 3.5, தடித்த நூலுக்கு 5.

ஊசியின் பிடியில் மில்லிமீற்றர் அடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சிலவற்றில் ஆங்கில எழுத்து மட்டும் இருக்கும். அமெரிக்க அளவில் 'ஜி' என்றால் 4 மி.மீ., 'எச்' என்றால் 5 மி.மீ. எழுத்தை நம்பிக்கொண்டிருந்தால் குழப்பம் வரும், மில்லிமீற்றர் எங்கேயும் ஒன்றுதான்.

அலுமினியம் அல்லது மூங்கில் ஊசி எடுங்கள். மெல்லிய லேஸ் வேலைக்கான இரும்பு ஊசிகளை நம் ஊர்க் கடற்காற்று விட்டுவைக்காது. டச்சு பே பக்கம் இருக்கும் என் தோழி வெள்ளை நூலில் மேசைவிரிப்பு ஒன்று பின்னினாள். கால்வாசி முடிந்தபோது வரிசை வரிசையாகத் துருக்கறை தெரிந்தது. இரும்பு ஊசி வேண்டியே வேண்டும் என்றால் எண்ணெய்த் துணியில் சுற்றி, மூடி இறுகும் போத்தலில் போட்டுவையுங்கள். எடுத்ததும் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் வெள்ளையில் கைவைக்க வேண்டும்.

2. நூல்: காசு போவதும் ஏமாறுவதும் இங்கேதான்

கடையில் "நூல் இருக்கா?" என்று கேட்டால் தையல் நூலைத்தான் எடுத்து வைப்பார்கள். "ஊல் இருக்கா?" என்று கேளுங்கள். ஆனால் ஊல் என்ற பெயரில் நம் ஊரில் விற்பது பெரும்பாலும் ஆட்டு மயிர் அல்ல, அக்ரிலிக் என்ற செயற்கை நூல். மில்க் கொட்டன் என்று விற்பதும் பெரும்பாலும் கலப்பு நூல்தான். பொம்மைக்கு இரண்டும் சரி. அடுப்பில் இருந்து சட்டி இறக்கும் பிடிதுணிக்கு மட்டும் அக்ரிலிக் வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகிக் கையில் ஒட்டும்.

எது எது என்று லேபிளை நம்ப முடியாதபோது கொளுத்திப் பார்ப்பதுதான் வழி. ஒரு விரல் நீள நூலை இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்து நெருப்புக் காட்டுங்கள். பருத்தி என்றால் மஞ்சள் சுவாலையோடு சட்டென்று எரியும். கடதாசி எரியும் மணம். மிச்சம் விரலில் உதிரும் சாம்பல். அக்ரிலிக் உருகிக்கொண்டே கறுத்த புகையோடு எரியும், ஆறியதும் நுனியில் மிளகு போல ஒரு கறுப்புக் கட்டி நிற்கும், நகத்தால் அமுக்கினாலும் உடையாது. உண்மையான கம்பளி மயிர் கருகும் மணம் தரும், நெருப்பை எடுத்தால் தானாக அணைந்துவிடும். சாம்பலும் கட்டியும் சேர்ந்து வந்தால் கலப்பு. ஆறும்வரை தொடாதீர்கள்.

அடுத்தது சாயம். லேபிளில் நிற இலக்கத்துக்குப் பக்கத்தில் 'லொட்' என்று இன்னொரு இலக்கம் இருக்கும். ஒரே தடவை சாயத்தொட்டியில் இறக்கியதற்கு ஒரே லொட். நிற இலக்கம் ஒன்றாக இருந்தும் லொட் வேறு என்றால், உண்டையாகப் பார்க்கையில் வித்தியாசம் தெரியாது. பின்னி முடித்து வெயிலில் விரிக்கும்போது நடுவில் கோடு போட்டதுபோல் தெரியும். என் முதல் சால்வை அப்படித்தான் போனது. ஒரு பொருளுக்குத் தேவையானதைவிட ஒரு உண்டை கூடவே வாங்கிவிடுங்கள். மிஞ்சினால் பூவாகும்.

சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றையும் வெள்ளையோடு சேர்க்க முதல், நனைத்த வெள்ளைத் துணியில் நூலைச் சுற்றி இரவு முழுக்க வையுங்கள். காலையில் துணியில் நிறம் ஏறியிருந்தால் அந்த நூல் தனியாகத்தான் வாழ வேண்டும்.

எங்கே வாங்குவது? நகரில் மத்திய வீதியிலும் பிரதான வீதியிலும் தையல் சாமான் கடைகளில் 50 கிராம் மில்க் கொட்டன் உண்டை 250 முதல் 350 ரூபாய்க்கு வாங்கினேன். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்மாவுக்காகப் பல கடைகள் பூட்டியிருக்கும்; அந்த நேரம் போய் நிற்காதீர்கள். இந்தக் கடைகளில் நிறத் தெரிவு குறைவு. மொத்தமாக வேண்டும் என்றால் கொழும்பு புறக்கோட்டைதான். இரவு ரயிலில் போய் அடுத்த இரவே திரும்பலாம், ஆனால் ஞாயிறும் போயா தினமும் அங்கே அரைவாசி பூட்டு.

தனியாகப் போவது நட்டம். நாங்கள் நாலு பேர் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒருத்தியை அனுப்புகிறோம். பயணச் செலவை நாலாகப் பிரிக்கிறோம், யாருக்கு எந்த நிறம் எத்தனை உண்டை என்று கொப்பியில் எழுதி முன்காசு கொடுக்கிறோம். முன்காசு இல்லாமல் யாருக்கும் வாங்கி வராதீர்கள். "பரவாயில்லை அக்கா, பிறகு தாறன்" என்ற மஞ்சள் நிற உண்டைகள் பன்னிரண்டு இன்னும் என் அலுமாரியில் இருக்கின்றன.

3. பின்னல் முறையில் இருக்கும் ஒரு பொறி

பழக யூடியூப் போதும். சங்கிலி, சிங்கிள், ஹாஃப் டபுள், டபுள், ஸ்லிப் ஆகிய ஐந்தும் கை வந்தால் கடையில் பார்க்கும் பொருளில் முக்கால்வாசி பின்னலாம். பொறி இருப்பது எழுதிவைத்த பின்னல் முறையில். அமெரிக்கர் 'சிங்கிள் குரோஷே' என்பதை இங்கிலாந்துக்காரர் 'டபுள் குரோஷே' என்பார். அமெரிக்க 'டபுள்' அவர்களுக்கு 'ட்ரெபிள்'. நம் பாடசாலையில் பழைய ரீச்சர்மார் சொல்லித்தந்தது பெரும்பாலும் இங்கிலாந்துச் சொல், இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் அமெரிக்கச் சொல். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: முறையில் எங்காவது 'சிங்கிள்' என்ற சொல் இருந்தால் அது அமெரிக்கம். இன்றைய இங்கிலாந்து முறையில் அந்தச் சொல்லே கிடையாது.

பொம்மை பின்னுவோருக்குக் கணக்கு எப்போதும் ஆறின் வாய்ப்பாடு. நடு வளையத்தில் 6 சிங்கிள், அடுத்த சுற்று 12, பிறகு 18, 24, 30. வட்டம் கிண்ணம்போல் குழிந்தால் எங்கோ ஒரு கண்ணை, அதாவது ஒரு பின்னலை, விட்டிருக்கிறீர்கள். அப்பளம்போல் நெளிந்தால் கூடிவிட்டது. சுற்றுத் தொடங்கும் கண்ணில் வேறு நிற நூல் துண்டு ஒன்றைக் கொழுவி வையுங்கள். எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொண்டு பின்னும்போது யாராவது வாசலில் "வீட்டில ஆர் இருக்கிறது?" என்று கூப்பிட்டால் போச்சு.

உடுப்பு, தொப்பி, பை எதுவானாலும் முதலில் 10 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூடிய மாதிரிச் சதுரம் ஒன்று பின்னி, கழுவி, காயவைத்து, நடுவில் 10 சென்ரிமீற்றருக்கு எத்தனை கண், எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். முறையில் சொன்னதைவிடக் கண் கூடினால் ஊசியை அரை மில்லிமீற்றர் பெரிதாக்குங்கள், குறைந்தால் சிறிதாக்குங்கள். எல்லாரும் தாண்டிப் போகும் படி இது. பருத்தி கனம் தாங்காமல் நீளும் என்பதையும் இங்கேயே கண்டுகொள்ளலாம். நான் விற்ற முதல் சந்தைப் பை, இரண்டு கிலோ வெங்காயத்தோடு வாங்கியவரின் முழங்கால்வரை இறங்கியதாம். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார், நான் சிரிக்கவில்லை. இப்போது பைப்பிடிக்கு உள்ளே துணிநாடா ஒன்றை வைத்துத் தைக்கிறேன்.

4. மாரியில் என்ன செய்வது

ஒக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரிவரை வாடைமழை. முடித்த பொருளை பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் உள்ளே ஈரம் நின்று கறுப்புப் புள்ளி விழும். காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி, காய்ந்த வேப்பிலை போட்டு, நிலத்தில் இருந்து உயரத்தில் வையுங்கள். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களை எறியாதீர்கள், ஆனால் சின்னப்பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

5. விலை: நூறில் முப்பது என்றால் எதில் முப்பது?

சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். பின்னத் தொடங்க முதல் நூலை நிறுங்கள், முடிந்ததும் மிச்சத்தை நிறுங்கள். கொப்பியில் மூன்றே பத்தி: கிராம், மணித்தியாலம், மற்றச் செலவு.

என் நடுத்தரக் கைப்பை ஒன்றின் கணக்கு இது. நூல் 200 கிராம், அதாவது 4 உண்டை, 300 ரூபாய் வீதம் 1,200. உள்துணி, பொத்தான் 250. கடதாசிப் பையும் அட்டையும் 50. ஒன்பது மணித்தியாலம், மணிக்கு 200 ரூபாய் என்று பிடித்தால் 1,800. மொத்தம் 3,300. மணிக்கு 200 என்பது குறைவுதான், எனக்கும் தெரியும். அதைக்கூடப் போடாமல் நூல் காசை இரண்டால் பெருக்கி விற்பவர்களைப் பார்த்தபிறகுதான் எழுதுகிறேன். நிட்டிங்குக்கு மெசின் உண்டு. குரோஷே ஒவ்வொரு கண்ணும் கை எடுத்துப் பின்னுவது. அந்தக் கைக்கு ஒரு கூலி வேண்டும்.

இப்போது கடைக்காரர் நூற்றுக்கு முப்பது கழிவு கேட்கிறார் என்று வையுங்கள். நம்மில் பலர் 3,300க்கு மேல் முப்பது வீதம் ஏற்றி 4,290 என்று விலை ஒட்டுவோம். அவர் கழிப்பது 4,290இல் முப்பது வீதம், அதாவது 1,287. கைக்கு வருவது 3,003. ஒவ்வொரு பையிலும் 297 ரூபாய் காணாமல் போகும், எங்கே போனது என்றும் தெரியாது. 3,300ஐ 0.7ஆல் வகுக்க வேண்டும். 4,714 வரும், 4,750 என்று ஒட்டுங்கள். கழிவு போக 3,325 மிஞ்சும்.

அதே பையை வீட்டில் 3,300க்கு விற்காதீர்கள். கடைக்காரருக்கு எப்படியோ தெரியவரும், அடுத்த வாரம் உங்கள் பைகள் கல்லாவுக்குக் கீழே போய்விடும்.

6. வியாபாரப் பெயரைப் பதிதல்

தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்கும்வரை இது அவசரம் இல்லை. ஹோட்டல், கடை, கண்காட்சி, வங்கிக் கடன் என்று ஒன்று வரும்போது எல்லாரும் கேட்கும் முதல் கடதாசி பதிவுச் சான்றிதழ்தான். பதிவு நடப்பது உங்கள் பிரதேச செயலகத்தில். நகரமும் உப்புவெளியும் என்றால் திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். நிரப்பிய விண்ணப்பத்தை அங்கே கொடுக்க முதல் கிராம உத்தியோகத்தரிடம் போக வேண்டும். நான் தலைகீழாகப் போனேன்.

*முதல் படி, விண்ணப்பப் படிவம்.* பிரதேச செயலகத்தில் வாங்குங்கள். ஒன்றல்ல, இரண்டு பிரதி எடுங்கள், ஒன்று பிழைவிட.

*இரண்டாம் படி, ஜி.எஸ்.* நம் ஊரில் கிராம உத்தியோகத்தரை இன்னும் ஜி.எஸ். என்றுதான் சொல்கிறோம். அவர் ஒவ்வொரு நாளும் அலுவலகத்தில் இருக்க மாட்டார், வெளிக்கள வேலை இருக்கும். வாசலில் நாட்கள் எழுதியிருக்கும். முதல்நாள் ஒரு தடவை அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிடுங்கள். எனக்கு நடந்தது இது. கல்யாணத்துக்கு முதல் நான் மூதூர். அடையாள அட்டையில் மூதூர் முகவரி. ஜி.எஸ். அட்டையைப் பார்த்தார், இடாப்பைப் புரட்டினார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, உங்கட பேர் இஞ்ச வாக்காளர் இடாப்பில இல்லையே."

"கல்யாணம் முடிச்சு ஆறு வருசமாச்சு சேர், உப்புவெளியிலதான் இருக்கிறன்."

"இருக்கிறது எனக்குத் தெரியும். கடதாசிக்குத் தெரியாதே."

பிழை அவருடையது அல்ல, என்னுடையது. ஆறு வருடமாக இடாப்பில் பெயர் மாற்றாமல் இருந்தவள் நான்தான். வதிவிடத்தை உறுதிப்படுத்த விவாகச் சான்றிதழ், கணவரின் பெயரில் இருந்த மின்சாரப் பட்டியல், மூதூரில் இருந்து ஒரு கடிதம் என்று அலைந்து முடிக்க ஏழு வாரம். உங்கள் அட்டையில் பழைய முகவரி இருந்தால் நூல் வாங்குவதற்கும் முதலே இதைச் சரிசெய்யத் தொடங்குங்கள்.

*மூன்றாம் படி, இடத்துக்கான ஆதாரம்.* வீட்டில் இருந்து செய்தாலும் அந்த இடம் யாருடையது என்று காட்ட வேண்டும். காணி உறுதி உங்கள் பெயரில் என்றால் அதன் பிரதி. மாமியின் பெயரில், அப்பாவின் பெயரில் என்றால் "இந்த முகவரியில் கைவினைத் தொழில் செய்ய எனக்கு ஆட்சேபனை இல்லை" என்று அவர் கையெழுத்திட்ட கடிதமும் அவரின் அடையாள அட்டைப் பிரதியும். வாடகை வீடென்றால் ஒப்பந்தம். உறுதியில் பெயர் உள்ளவர் வெளிநாட்டில் இருந்தால் கடிதம் வர நேரமெடுக்கும், இதை முதலிலேயே கேட்டு வையுங்கள். கனடாவில் இருக்கும் மைத்துனரின் கையெழுத்துக்காக ஒருத்தி இரண்டு மாதம் காத்திருந்தாள்.

*நான்காம் படி, பெயர்.* மூன்று பெயர் யோசித்துக்கொண்டு போங்கள், முதலாவது ஏற்கெனவே எடுபட்டிருக்கலாம். அரசாங்கத்தோடு தொடர்புள்ளதுபோல் தோன்றும் சொற்களைத் தவிருங்கள். தமிழில் வைக்கும் பெயரை ஆங்கிலத்தில் எந்த எழுத்துக்களால் எழுதுவது என்று அன்றே முடிவுசெய்து, விண்ணப்பத்திலும் வங்கியிலும் பெயர் அட்டையிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஒரு 'எச்' கூடக் குறைந்தாலும் வங்கியில் திருப்பி அனுப்புவார்கள்.

கடதாசிக் கோவையில் நான் கடைசியாகக் கொண்டுபோனவை இவை: ஜி.எஸ். சான்றுப்படுத்திய விண்ணப்பம், அடையாள அட்டை மூலமும் பிரதியும், இடத்துக்கான ஆதாரம், மின்சாரப் பட்டியல், பின்னிய பொருட்களின் நாலு படம். படம் யாரும் கேட்கவில்லை. ஆனால் "குரோஷே என்றால் என்னம்மா?" என்று மேசையில் இருந்த தங்கச்சி கேட்டபோது உதவியது, ஒரு திமிங்கிலப் பொம்மைக்கு ஓடரும் கிடைத்தது.

தொழிலின் தன்மை என்ற இடத்தில் 'குரோஷே' என்று மட்டும் எழுதாதீர்கள். 'கைப்பின்னல், தையல் மற்றும் கைவினைப் பொருட்கள் உற்பத்தியும் விற்பனையும்' என்று அகலமாக எழுதுங்கள். நாளைக்குத் துணிப்பையும் தைத்து விற்கும்போது திரும்பப் போக வேண்டி வராது.

கட்டணத்தைச் சிறாப்பரிடம் கட்டிப் பற்றுச்சீட்டு எடுங்கள். என் முழுச் செலவில் பதிவுக் கட்டணம் சின்னப் பகுதிதான். போட்டோகொப்பியும் ஓட்டோவும்தான் விழுங்கின. எல்லாம் சரியாக இருந்த அந்தக் கடைசிக் கோவையைக் கொடுத்து இரண்டு கிழமையில் சான்றிதழ் கையில் வந்தது. அதைத் தொழில் செய்யும் இடத்தில் கண்ணுக்குத் தெரியும்படி மாட்டிவைக்க வேண்டும். முகவரி மாறினாலோ தொழிலை நிறுத்தினாலோ அறிவிக்கவும் வேண்டும். லமினேட் செய்யாதீர்கள், பிரதியை லமினேட் செய்து மாட்டுங்கள்; மூலத்தைச் சில இடங்களில் தடவிப் பார்ப்பார்கள்.

7. வங்கியும் வரி இலக்கமும்

ஒரு ஹோட்டல் எனக்கு முதன்முதல் காசோலை தந்தபோது நான் பெயர் அட்டையில் போட்டிருந்த வியாபாரப் பெயரிலேயே எழுதித் தந்தார்கள். அந்தப் பெயரில் எனக்குக் கணக்கே இல்லை. என் சேமிப்புக் கணக்கில் போடவும் முடியவில்லை. திருப்பிக் கொடுத்து, மாற்றி எழுதி வாங்கச் சீசனே முடிந்துவிட்டது. கணக்குத் திறக்கும்வரை அட்டையில் உங்கள் சொந்தப் பெயரைப் போடுங்கள், அல்லது காசாகவே வாங்குங்கள்.

வங்கிக்குப் பதிவுச் சான்றிதழ், அடையாள அட்டை, முகவரி ஆதாரம் போதும் என்று போனால், நடைமுறைக் கணக்குக்கு வரி இலக்கமும் கேட்பார்கள். டின் இலக்கம் என்பது இதுதான். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம். அதை எடுத்துத்தர ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள், கொடுக்க வேண்டாம். இலக்கம் எடுத்தால் வரி கட்ட வேண்டும் என்று பயப்படவும் வேண்டாம். 2025 ஏப்ரல் முதல் ஆளுக்கு ஆண்டு வருமானத்தில் 18 இலட்சம் வரை நிவாரணம் உண்டு. குரோஷேயில் மட்டும் அதைத் தாண்டுபவர் யாராவது இருந்தால் எனக்கும் சொல்லித்தாருங்கள்.

8. கடைக்கும் ஹோட்டலுக்கும் கொடுப்பது

நம் கடற்கரைக்கு வெளிநாட்டார் வருவது மே தொடங்கி செப்டெம்பர் வரை. அதனால் ஊரெல்லாம் நனைந்துகிடக்கும் டிசம்பர், ஜனவரிதான் நமக்குப் பின்னும் காலம். மார்ச் மாதம் உப்புவெளி, நிலாவெளிக் கடைகளுக்கு மாதிரி கொண்டுபோங்கள். மே மாதம் போனால் தட்டில் இடம் இருக்காது.

விமானத்தில் கொண்டுபோகிறவர்கள் பாரமானதை வாங்க மாட்டார்கள். போர்வையைக் காட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். உள்ளங்கையளவு திமிங்கிலமும் கடலாமையும்தான் ஓடும்; காலையில் படகில் போய்த் திமிங்கிலம் பார்த்தவர் பின்னேரம் ஒன்றை வாங்காமல் போவதில்லை. பார்க்காமல் திரும்பியவரும் வாங்குகிறார், ஆறுதலுக்கு.

பெரும்பாலான கடைகள் விற்றபிறகுதான் காசு தரும். அப்படியென்றால் இரட்டைப் பிரதி எழுதும் பில் புத்தகம் வாங்குங்கள். திகதி, பொருள், எண்ணிக்கை, விலை, கழிவு வீதம், விற்காததை எப்போது திருப்பித் தருவார் என்பது எல்லாம் எழுதி அவரின் கையெழுத்தை வாங்குங்கள். பழகிய அண்ணையிடம் கையெழுத்துக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள். என்னிடம் இருந்து 14 பொம்மை எடுத்த ஒரு கடையில் வேலைசெய்தவர் மாறியதும் "எங்களிட்ட ஒன்பதுதானே இருந்தது" என்றார்கள். என்னிடம் கடதாசி இல்லை.

இரண்டு விஷயங்களில் பிடிவாதமாக இருங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பொம்மையில் பிளாஸ்ரிக் கண் வைக்காதீர்கள், நூலால் தைத்துவிடுங்கள். பூட்டும் கண் என்று விற்பதுகூடப் பின்னல் தளர்ந்தால் கழன்று வாய்க்குள் போகும். அடுத்தது, கார்ட்டூன் பாத்திரங்களைப் பின்னி விற்பது. எல்லாரும் விற்கிறார்கள் என்பது உண்மைதான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் அவற்றுக்கு உரிமையாளர் இருக்கிறார் என்பதும் உண்மை. ஹோட்டல்கள் இதைப் பார்த்தே பொருளைத் தள்ளிவிடும். பின்னல் முறையைக் காசு கொடுத்து வாங்கினால், பின்னிய பொருளை விற்க அனுமதி இருக்கிறதா என்று அதன் கடைசிப் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

உள்ளூர் ஓடர்களில் முப்பத்தொன்றுக்கு, அதாவது பிறந்த முப்பத்தோராம் நாளுக்கு, குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும்தான் கூட. பருத்தியில் மட்டும் பின்னுங்கள். இந்த வெக்கையில் அக்ரிலிக் தொப்பி போட்டால் பிள்ளை வீறிட்டு அழும், உங்கள் பெயர்தான் கெடும். திகதியைக் கேட்டு ஐந்து நாள் முன்னதாக முடியுங்கள். பாதிக் காசை முன்பணமாக வாங்குங்கள். முப்பத்திரண்டாம் நாள் போய் நின்றால் மீதியைக் கேட்கவும் முடியாது.

9. பார்சல்

கூரியர் முதல் கிலோவுக்கு ஒரு விலை, பிறகு ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு விலை என்று எடுக்கும். 1,050 கிராம் வந்தால் இரண்டு கிலோக் காசு. அந்த 50 கிராமும் பெரும்பாலும் உங்கள் அட்டைப்பெட்டி. பொம்மையையும் பையையும் பெட்டியில் போட வேண்டாம், தண்ணீர் புகாத உறை போதும். பொருளை வாங்கும்போது காசு கொடுக்கும் முறையில் அனுப்பினால், வாங்காமல் திருப்பிவிடுவோரும் உண்டு. அனுப்பும் செலவு உங்கள் தலையில். முன்பின் தெரியாதவரிடம் குறைந்தது கூரியர் காசையாவது முதலில் வாங்குங்கள். கூரியர் தரும் காசு உங்கள் கணக்குக்கு வரச் சில நாள் பிடிக்கும், அதை நம்பி அன்றே நூல் வாங்கக் கிளம்பாதீர்கள்.

10. இலவசமாகக் கிடைப்பவை

பிரதேச செயலகத்தில் சிறு முயற்சி அபிவிருத்திப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பதிவுக்குப் போகும் அன்றே அந்த மேசையிலும் பெயரும் தொலைபேசி இலக்கமும் கொடுத்துவிட்டு வாருங்கள். பயிற்சி, கண்காட்சி என்று எது வந்தாலும் அழைப்பது அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான். தேசிய அருங்கலைகள் பேரவையில் கைவினைஞராகப் பதிந்துகொண்டால் சில்ப அபிமானி என்ற கைவினைப் போட்டிக்குப் பொருள் கொடுக்கலாம். அதற்கு உங்கள் சொந்த வடிவமைப்பாக இருக்க வேண்டும். இணையத்தில் பார்த்துப் பின்னிய கரடி வேண்டாம். சிவப்பும் வெள்ளையும் கலந்து, கோணேசர் கோயில் சுவர்போன்ற ஒரு கைப்பையை நான் இந்தத் தடவை பின்னிக் கொடுக்க இருக்கிறேன். சிவப்பு நூல் இன்னும் நனைந்த துணிக்குள் சுற்றி இருக்கிறது, காலையில்தான் தெரியும்.